கீழே சிக்கினால் மேலே பாருங்கள்

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து சிக்கினால் பாபினைத் தொடாதீர்கள். மேல்நூலை முழுவதும் கழற்றுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து கோர்த்துப் பாருங்கள். இதை மெஷின் விற்ற கடைக்காரரோ, பழுது பார்க்க வந்தவரோ எனக்குச் சொல்லியிருந்தால் என் அண்ணன் மகளின் கல்யாணப் பட்டு ஜாக்கெட் துணி பாழாகியிருக்காது. இல்லாத கோளாறுக்கு நான் கூலி கொடுத்திருக்க மாட்டேன். “இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு எதுக்கு மெஷின்?” என்ற பேச்சையும் கேட்டிருக்க மாட்டேன்.

காலால் மிதிக்கிற கறுப்பு மெஷினில் வருஷக்கணக்காகத் தைத்து, பிறகு குடும்பச் சூழ்நிலையால் விட்டுவிட்டு, பிள்ளைகள் தலையெடுத்த பின் ஒரு கரன்ட் மெஷின் வாங்கி அதன் முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்கிற பெண்களுக்காக எழுதுகிறேன். புதிதாகக் கற்பவர்களுக்குச் சொல்லித்தரத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறது. நன்றாகத் தெரிந்து நடுவில் விட்டவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கே போனாலும் “ஊசில நூல் கோர்க்கத் தெரியுமாம்மா?” என்று ஆரம்பிக்கிறார்கள். நமக்கு வெட்டத் தெரியும், அளவெடுக்கத் தெரியும், கைக்குழியில் எங்கே இழுத்துக் கொடுக்க வேண்டும் என்று தெரியும். நம் கை பழைய மெஷினை அப்படியே நினைவு வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எது புதியதற்கு ஒத்துவரும், எது ஒத்துவராது என்பது மட்டும்தான் நமக்குத் தேவைப்படுகிறது.

நான் மதுரைக்காரி. அரசுத் தேர்வில் டெய்லரிங் லோயர், ஹையர் இரண்டும் எழுதித் தேறியவள். கற்றது அம்மாவின் உஷா மெஷினில். கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் நிறுவனம் 1930களில் செய்யத் தொடங்கிய அந்த மெஷின் எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இருந்தது. நூலும் ஹூக்கும் லேஸும் வாங்கப் புதுமண்டபத்துக்குப் போவோம். இப்போது அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது கல்தூண்களுக்கு நடுவே வரிசையாக மெஷின் போட்டு, சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேஷக்காரர்களின் உடுப்பும் கோயில் தொம்பையும் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஓடுகிற மெஷினை அவர்கள் வீலில் உள்ளங்கை வைத்து நிறுத்துகிற விதத்தை நின்று பார்ப்பேன். ஊசி எப்போதும் அவர்கள் நினைத்த இடத்திலேயே நிற்கும். அப்படி நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் தைக்கத் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு மாமியார் படுக்கையில் விழுந்தார். வீடு மாறினோம். இடமில்லை என்று மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு கறுப்பு மெஷின் மூலையில் கிடந்தால் தயவுசெய்து விற்காதீர்கள். கரன்ட் இல்லாத நேரத்திலும், கனமான பை, திரைச்சீலை தைக்கிற நேரத்திலும் அதற்கு ஈடாக 15,000 ரூபாய் மெஷின் எதுவும் நிற்காது.

புது மெஷின் எதை வாங்கினேன் என்று பலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் மெஷின் வாங்கச் சொல்லித் தம்பி மகன் பிடிவாதம் பிடித்தான். நூற்றுக்கணக்கில் டிசைன் போடும், பட்டனை அழுத்தினால் காஜா தானாக விழும் என்றான். நான் வாங்கியது திருகு வைத்த சாதாரண ஜிக்ஜாக் மெஷின், பாபினை முன்பக்கமாகப் போடுவது. இன்றைக்கும் அதுதான் சரி என்பேன். நேர்தையல், ஜிக்ஜாக், காஜா, ஃபால்ஸ், பீக்கோ. வீட்டில் இருந்து தைக்கிற பெண்ணுக்கு இதற்கு மேல் வேலை வருவதில்லை. முன்பக்கம் போடுகிற பாபின் கேஸை வெளியே எடுத்துக் கையில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். மேலிருந்து போடுகிற பிளாஸ்டிக் பாபினில் அந்தச் சோதனையை அப்படிச் செய்ய முடியாது. கேஸை வெளியே எடுக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் காலும் கையும் மாற வேண்டிய விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை எல்லோருக்கும் சீக்கிரம் வந்துவிடும். பெடலில் இரண்டு பாதத்தையும் தூக்கி வைக்காதீர்கள். வலது குதிகால் தரையில் இருக்கட்டும், முன்பாதம் மட்டும் அழுத்தட்டும். மிதி மெஷினில் வேகம் நம் கால் பலம். இங்கே அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் மோட்டார் நிமிஷத்துக்கு 800 தையல் அளவுக்குப் பாயும். ஊசியின் தட்டைப் பக்கம் இங்கே பின்னால் பார்க்க வேண்டும், நூலை முன்னாலிருந்து பின்னால் கோர்க்க வேண்டும். கறுப்பு மெஷினில் பக்கவாட்டில் கோர்த்த கை முதலில் தடுமாறும். தையல் நீளம் மில்லிமீட்டரில் இருக்கும். 2.5 வைத்தால் அங்குலத்துக்குப் பத்து தையல், நாம் ஜாக்கெட்டுக்கு வழக்கமாக வைக்கிற அளவு. ஜிக்ஜாக் திருகை ஊசி துணிக்குள் இருக்கும்போது திருப்பினால் ஊசி வளையும். வீலை எப்போதும் நம் பக்கமாகவே சுற்ற வேண்டும். இது பழைய மெஷினிலும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். கறுப்பு மெஷினில் வலது கை வீலின் மேலேயே இருந்ததால், தைத்து முடிக்கும்போது நூல் தூக்குகிற கொக்கி தானாக உச்சிக்கு வந்துவிடும், கையே அதைப் பார்த்துக்கொள்ளும். கரன்ட் மெஷினில் காலை எடுத்ததும் ஊசி எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அப்படியே துணியை இழுத்தால் நூல் முறுக்கிக்கொள்ளும், அடுத்த தையல் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் நழுவும். அதனால் துணியை எடுக்கும் முன் ஒருமுறை வீலில் கை வைத்துக் கொக்கியை மேலே கொண்டுவாருங்கள். தொடங்கும்போது மேல்நூல், கீழ்நூல் இரண்டின் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டு நாலு தையல் போட்ட பிறகு விடுங்கள். இது புதுமண்டபத்துத் தையல்காரர்கள் செய்ததுதான். மோட்டார் வந்ததும் நாம் விட்டுவிட்டோம்.

இனி என் பட்டுத்துணிக்கு வருகிறேன்.

கடையில் மெஷினை விற்ற பையன் எல்லாவற்றையும் அழகாகக் காட்டினான். இலை டிசைன், வளையம், காஜா, பட்டன். நூலை அவனே கோர்த்து, வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து, “கோர்த்தே குடுத்துட்டேன்ம்மா, தைங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் தைத்தேன். தலையணை உறை, உள்பாவாடை எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடியது. அந்த நூல்கண்டு தீர்ந்தது. புதுக் கண்டு போட்டு நானே கோர்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது.

மேலே பார்த்தால் தையல் நேராக இருக்கிறது. துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்து. பத்து தையலுக்குள் துணி பல்லோடு ஒட்டிக்கொள்கிறது, இழுத்தால் வருவதில்லை, கத்தரியை உள்ளே விட்டு அறுக்க வேண்டியிருக்கிறது. நேற்று வரைக்கும் நன்றாக ஓடிய மெஷின் திடீரென்று இப்படிச் செய்தால் யாரும் மெஷினில் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். சிக்கு கீழே இருப்பதால் கண் கீழேதான் போகும். பாபினை மாற்றிப் பார்த்தேன், ஊசி மாற்றினேன், ஷட்டில் பக்கம் பஞ்சைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. போன் செய்தேன், மெக்கானிக் வந்தார்.

அவர் செய்ததைக் கவனமாகப் படியுங்கள், நாளைக்கு உங்கள் வீட்டிலும் இது நடக்கும். வந்ததும் பாதத்தைத் தூக்கிச் சிக்கிய துணியை எடுத்தார். பேசிக்கொண்டே நூலைக் கழற்றித் திரும்பக் கோர்த்தார். தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து ஓட்டினார். தையல் முத்து முத்தாக விழுந்தது. அதற்குப் பிறகு பாபின் கேஸை எடுத்து, சின்ன ஸ்குரு டிரைவரால் அதன் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, “பாபின் டென்ஷன்தாம்மா போயிருந்துச்சு, சரி பண்ணிட்டேன்” என்றார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திருகைத் தொடும் முன்பே தையல் சரியாகிவிட்டது என்பதை அவரும் யோசிக்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

நூல் நிறம் மாற்றியதும் மறுபடி அதே சிக்கு. மறுபடி அவர். இந்த முறை “டைமிங்” என்றார். அடித்தட்டைக் கழற்றினார், ஷட்டில் கொக்கியைச் சுற்றிப் பார்த்தார், எண்ணெய் விட்டார், வழக்கம்போல அவர் கையால் கோர்த்து ஓட்டிக் காட்டினார். “இனிமே எதை வேணும்னாலும் தைங்கம்மா, பட்டுகூடத் தைக்கலாம்” என்றார்.

தொழில் தெரிந்தவர் வாயால் சொன்ன அந்த வார்த்தையை நம்பித்தான் அண்ணன் மகளின் முகூர்த்தச் சேலையோடு வந்த ஜாக்கெட் துணியை எடுத்தேன். அரக்கு நிறம். வெட்டு என் கை வெட்டு, அதில் ஒரு குறை யாரும் சொல்ல முடியாது. அவர் விட்டுப்போன வெள்ளை நூலைக் கழற்றி, அரக்கு நூலைக் கோர்த்து, டாட் பிடித்தேன். இரண்டாவது டாட்டிலேயே துணி கீழே இறங்கி மாட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் அறுத்தேன். ஆனாலும் பட்டில் இழை இழுத்துவிட்டது, ஊசி போன இடமெல்லாம் துளை துளையாக நின்றது. பருத்தியாக இருந்தால் தண்ணீர் தெளித்துத் தேய்த்துத் துளையை மூடலாம். நெருக்கமாக நெய்த பட்டில் விழுந்த துளை போகவே போகாது. சேலையோடு வருகிற துணிக்கு இன்னொரு துண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

மதினி அதிகம் பேசவில்லை. “பழகாத மெஷின்ல எதுக்குப் பட்டைப் போட்ட? டெய்லர்கிட்டக் குடுத்திருக்கலாம்ல” என்று மட்டும் கேட்டார். கல்யாண வீட்டில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. என் கையால் தைத்த ஜாக்கெட்டைப் போட்ட சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

அன்று இரவு மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒன்றைக் கவனித்தேன். மேல்நூல் டென்ஷன் திருகை 1இல் வைத்தாலும் அதே சிக்கு, 9இல் வைத்தாலும் அதே சிக்கு. ஒரு துளிகூட வித்தியாசம் இல்லை. நூலை இறுக்குவதற்கென்றே இருக்கிற திருகு நூலில் எதையும் மாற்றவில்லை என்றால், நூல் அதன் பிடியிலேயே இல்லை என்று அர்த்தம். ஊசியிலிருந்து தொங்கிய நூலைப் பாதம் இறங்கியிருக்கும்போது இழுத்தேன். சும்மா வந்தது. பாதத்தைத் தூக்கிவிட்டு இழுத்தேன், அப்போதும் சும்மா வந்தது. நூலை முழுக்கக் கழற்றினேன். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மேலிருந்து கோர்த்தேன், பிறகு பாதத்தை இறக்கி இழுத்தேன். ஊசியே வளைகிற அளவுக்கு இறுக்கமாக நின்றது.

இதுதான் விஷயம். மேல்நூலை இறுக்குவது இரண்டு சின்ன வட்டத் தகடுகள். நூல் அவற்றுக்கு நடுவே போக வேண்டும். பாதத்தைத் தூக்கினால் தகடுகள் விலகும், இறக்கினால் நெருங்கும். கறுப்பு மெஷினிலும் இதே அமைப்புதான். ஆனால் அங்கே தகடுகளும் சுருள் ஸ்பிரிங்கும் வெளியே கண்ணுக்கு எதிரில் இருந்தன. நூலைக் கட்டை விரலால் ஒரு இழு இழுத்தால் தகடுகளுக்கு நடுவே இறங்குவது கைக்குத் தெரியும், பாதம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் பாதத்தை இறக்கி வைத்தபடியே கோர்ப்பதைத்தான் நாம் திறமையாகப் பழகினோம். பாதி தையலில் நூல் அறுந்தால் பாதத்தைத் தூக்காமல், துணி நகராமல் திரும்பக் கோர்த்துத் தொடருவோம். அப்படிச் செய்தால்தான் தையல் கோடு விலகாது. புது மெஷினில் அந்தத் தகடுகள் பிளாஸ்டிக் மூடிக்குள் போய்விட்டன. வெளியே தெரிவது எண் போட்ட திருகு மட்டும். பாதம் கீழே இருக்கும்போது தகடுகள் மூடியிருக்கின்றன, நூல் உள்ளே இறங்காமல் அவற்றின் விளிம்பில் உட்கார்ந்துகொள்கிறது. மேல்நூலுக்குப் பிடியே இல்லாததால் ஒவ்வொரு தையலிலும் அளவுக்கு மீறி நூல் கீழே போகிறது. திரும்ப மேலே இழுக்கப்படாமல் அங்கேயே சுருண்டு கிடக்கிறது. குற்றம் மேலே, அடையாளம் கீழே.

மெக்கானிக் கையில் ஏன் ஓடியது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அவர் சிக்கை எடுக்கப் பாதத்தைத் தூக்கினார், தூக்கியபடியே கோர்த்தார். அது அவருக்குப் பழக்கம். கடைக்காரப் பையன் கோர்த்த நூல் தீரும் வரை மெஷின் நன்றாக ஓடியதற்கும் அதுதான் காரணம்.

‘டைமிங்’ கதைக்கும் ஒரு வார்த்தை. ஊசி அடிமட்டத்துக்குப் போய் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மேலேறும்போது, ஷட்டில் கொக்கியின் கூர்முனை வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். இந்த நேரக் கணக்கு தவறினால் தையல் விட்டு விட்டு விழும், அல்லது விழவே விழாது. என் மெஷினில் ஒரு தையல்கூடத் தவறவில்லை. மேலே வரிசையாக, ஒழுங்காக விழுந்து அடியில் மட்டும் சிக்கினால் அது டைமிங் இல்லை. யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் பணத்தை எடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

கோர்ப்பது சரியான பிறகும் என் வேலை முடியவில்லை. அவர் தளர்த்திவிட்டுப் போன பாபின் திருகு இருந்ததே. இப்போது மேல்நூல் சரியாக இறுகியதால், தளர்ந்த கீழ்நூல் மேலே ஏறி, துணியின் நல்ல பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பித்தது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை வாங்கிய அதே பூட்டுத் தையலைத்தான் இந்த மெஷினும் போடுகிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் கனத்துக்கு நடுவே ஒன்றையொன்று பூட்ட வேண்டும். ஒன்று தளர்ந்தால் மற்றது அதைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

முன்பக்க பாபின் கேஸ் என்பதால் நானே சரி செய்தேன். பாபினைக் கேஸில் போட்டு, நூல் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தன் எடையில் வழுக்கிக்கொண்டு கீழே போனால் தளர்வு. கையை லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி நின்றுவிட வேண்டும், அதுதான் சரியான அளவு. சுண்டியும் அசையவில்லை என்றால் இறுக்கம். திருகைத் திருப்பும் முன் அதன் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள், அந்தத் திருகு கீழே விழுந்தால் கண்ணுக்கு அகப்படாது. பிறகு மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு, இரண்டாக மடித்த பாப்ளினில் ஒரு சாண் தையல் ஓட்டுங்கள். மேல்பக்கத்தில் வெள்ளையும் அடியில் சிவப்பும் தெரியக் கூடாது. அதற்குப் பிறகு பாபின் திருகை மறந்துவிடலாம். துணி மாறும்போது திருப்ப வேண்டியது மேல் திருகை மட்டும், 3க்கும் 5க்கும் நடுவே எல்லா வேலையும் முடிந்துவிடும்.

மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். “எல்லாரும் தூக்கித்தாம்மா கோர்ப்பாங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்” என்றார். “தம்பி, நான் எப்படிக் கோர்க்கிறேன்னு நீங்க ஒரு தடவைகூடப் பாக்கலையே” என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை. வயதான பெண் கூப்பிட்டால் ‘அந்தம்மாவுக்குத் தெரியாது’ என்று முடிவு கட்டிக்கொண்டு மெஷினை மட்டும் பார்க்கிறார்கள், அல்லது ‘அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்கும்’ என்று ஒன்றும் சொல்லாமல் போகிறார்கள். என்னிடம் இரண்டும் நடந்தது.

அதனால் மெஷினைத் திறக்க யாரையும் விடும் முன், அவர் கண் முன்னால் நீங்களே நூலைக் கோர்த்து, நீங்களே தைத்துக் காட்டுங்கள். “நான் பாத்துக்கிறேன்ம்மா” என்று அவர் கையை நீட்டினால் விடாதீர்கள். அவர் முடித்த பிறகும் அவர் கோர்த்த நூலை அவர் எதிரிலேயே கழற்றி, உங்கள் கையால் கோர்த்து ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால்தான் கூலி. கடையில் வாங்கும்போதும் இதேதான். டிசைன் காட்டியதெல்லாம் போதும், நூலைக் கழற்றிவிட்டு என்னைக் கோர்க்க விடுங்கள் என்று கேளுங்கள். எனக்குக் கொடுத்த புத்தகத்தில் தமிழில் ஒரு பக்கம் இல்லை. ஆனால் கோர்க்கிற படத்தில், பாதத்துக்குப் பின்னால் மேல் நோக்கிய ஓர் அம்புக்குறி இருக்கிறது. உங்கள் புத்தகத்திலும் அதைத் தேடிப் பார்த்து, பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள்.

பழைய கை மறந்தால்தான் புதியது வரும் என்று சொல்லி என்னைப் பயிற்சி வகுப்பில் சேரச் சொன்னவர்களும் உண்டு. நான் சேரவில்லை, நீங்களும் சேர வேண்டாம். மாற வேண்டியது ஒரே ஒரு அசைவு: நூல்கண்டைத் தொடும் முன் இடது கை பாதத்தைத் தூக்க வேண்டும். அதைத் தினமும் வேண்டுமென்றே நூலைக் கழற்றிக் கழற்றிக் கோர்த்துப் பழகினேன். இப்போது கை தானாகப் போகிறது. பாதி தையலில் நூல் அறுந்தால், ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, பாதத்தைத் தூக்கி, நூலை, நூல் தூக்குகிற கொக்கி வரைக்கும் கோர்த்து, பாதத்தை இறக்கிய பிறகு ஊசியை உயர்த்திக் கண்ணில் கோர்க்கிறேன். துணி நகர்வதில்லை. நம் பழைய திறமைக்கும் புது மெஷினில் இடம் இருக்கிறது.

மற்றவை சில. எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசினாகிப் பல்லைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள். ஊசியில் சிக்கனம் பார்க்காதீர்கள். மிதி மெஷினில் எல்லாவற்றுக்கும் 16 நம்பர் ஊசியே போட்டோம். இதில் பருத்தி ஜாக்கெட்டுக்கு 14, பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் 11. பனியன் துணி தைத்தால் அதற்கென்று முனை உருண்ட ஊசி தனியாக இருக்கிறது, அதைப் போடாவிட்டால் தையல் விட்டு விட்டு விழும்.

நூல் வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரோமம் ரோமமாகத் தெரிந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அந்தப் பஞ்செல்லாம் தகடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும், பாதத்தைத் தூக்கிக் கோர்த்தாலும் பிறகு டென்ஷன் நிற்காது. அப்படி அடைத்துவிட்டால் பாதத்தைத் தூக்கிவிட்டு, இரண்டாக மடித்த சுத்தமான துணி ஓரத்தைத் தகடுகளுக்கு நடுவே விட்டு மெல்ல இழுத்தெடுங்கள்.

மேஜை உயரம் பெரிய விஷயம், இதையும் யாரும் சொல்வதில்லை. மிதி மெஷினில் தலை பலகைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும், துணி ஓடுகிற தளமும் பலகையும் ஒரே மட்டம். புது மெஷினைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தால் அந்தத் தளம் நாலு விரல்கடை மேலே எழும்பிவிடுகிறது. தோளைத் தூக்கிக்கொண்டே தைக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் கழுத்து பிடிக்கும். வயதானதால் வந்த வலி என்று வீட்டில் சொன்னார்கள். ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு பழைய மர மேஜையின் காலை அளவெடுத்து அறுக்கச் சொன்னேன். வலி போய்விட்டது. மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போடுங்கள். வார்ப்பிரும்புத் தலையின் கனம் இதற்குக் கிடையாது, வேகமாக ஓட்டினால் நகரும்.

இப்போது எனக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி ஃபால்ஸும் பீக்கோவும். மதினியும் இரண்டு சேலை கொடுத்தனுப்பினார். ஃபால்ஸ் துணியை வாங்கிய அன்றே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையில் அது சுருங்கிச் சேலையின் கரையை இழுத்துவிடும். அதைத் தைக்கும்போது ஊசி 11, மேல் திருகை வழக்கத்தைவிட ஓர் எண் குறைத்து வையுங்கள். தையல் நீளம் 3 இருக்கட்டும்.